புதுப்பிப்பு: மலாவிக்குப் போய்த் திரும்பிவிட்டேன்

திருச்சபை வழியாக ஆறு மாதம் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன். "முதல்ல அவங்க பாஷையைக் கத்துக்கோ தம்பி" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது.

பிளான்டயர் பக்கம் ஒரு கிராமம், பேச்சு சிச்சேவா. முதல் மாதம் கணக்கு நடத்தியதைவிட, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து நான் படித்ததுதான் அதிகம். எங்கள் தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க்கும் பிள்ளைகளோடு மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை, அங்கேதான் உறைத்தது.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அந்தப் பக்கத்தைப் புரட்டிப்போட்டிருக்கிறது. வீடு இடிந்த ஒரு அம்மாவிடம், 2018 கஜாவில் எங்கள் சித்தப்பா தோப்பில் தென்னை சாய்ந்து கிடந்த படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ந்ஸிமா கொண்டுவந்து வைத்தார், மக்காச்சோள மாவில் கிண்டும் களி. அன்றிலிருந்து நான் அந்த வீட்டுப் பிள்ளை.

பழைய துணி அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். அங்கே சந்தையில் அது குவிந்து கிடக்கிறது. நோட்டுப் புத்தகத்தை அங்கேயே வாங்கிக்கொடுங்கள். பாடத்தை உள்ளூர் ஆசிரியர் நடத்தட்டும், நாம் கூட நிற்போம்.

எங்கள் சபையிலிருந்து அடுத்து ஒரு அக்கா கிளம்புகிறார். என் சிச்சேவா நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன்.