ஆட்டுத்தலை வெள்ளிக் குவளை: மார்பில் ஓட்டை, அடைக்கலாமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
போன வாரம் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒன்று வாங்கினேன். மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த குவளை, உடம்பெல்லாம் வரி வரியாக, நுனியில் ஒரு காட்டாடு முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. பாரசீகம், 2500 வருடம், அரிக்கமேட்டுப் பக்கம் கிடைத்தது என்று சொல்லி 1800 ரூபாய்க்குக் கொடுத்தார் (சிரிக்காதீர்கள்). தண்ணீர் ஊற்றினால் ஆட்டின் மார்பில் இருக்கிற பொடி ஓட்டை வழியாக என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கீழே வைத்தால் சாய்கிறது. பட்டறையில் கொடுத்து ஓட்டையைப் பற்றவைத்துவிடலாமா?

தேங்காய்த்திட்டு:
ஐயோ, அடைத்துவிடாதீர்கள், அந்த ஓட்டைக்காகத்தான் பாத்திரமே! இதற்குக் கிரேக்கப் பெயர் ரைட்டன், வழிந்தோடுவது என்கிற பொருளில் வந்தது. விரலால் ஓட்டையை மூடிக்கொண்டு மேலே மதுவை ஊற்றுவார்கள், கொம்பை உயர்த்தி விரலை எடுத்தால் மெல்லிய தாரையாக இன்னொரு கையில் இருக்கும் தட்டைக் கிண்ணத்தில் விழும். நம் வீட்டுக் கெண்டி மாதிரிதான், மூக்குக்குப் பதில் ஆடு. சாய்வதும் குறையில்லை, ஊற்றியதைத் தீர்த்துவிட்டுத்தான் கையை விட்டு இறக்க முடியும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வெள்ளி ரைட்டன் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, துருக்கியின் எர்சிஞ்சான் பக்கம் கிடைத்தது, அதில் ஆட்டுக்குப் பதில் சிறகுள்ள கற்பனை மிருகம்.
அரிக்கமேட்டுக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியதில் பேர்பெற்றவை மத்திய தரைக்கடல் பக்கத்து மதுச்சாடிகளும் மண்பாண்டங்களும்.

கடலூர் பட்டறை:
மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை செய்கிறோம், அதனால் சொல்கிறேன் தம்பி. பழைய வேலையில் கொம்பைத் தகட்டில் தட்டி எடுத்து, மிருகத்தைத் தனியாகச் செய்து, பொருத்து தெரியாமல் சேர்த்திருப்பார்கள். உங்களுடையதில் ஆட்டு மூக்கிலிருந்து நேர்கோடாக ஒரு தழும்பு ஓடினால் அது அச்சில் ஊற்றிய இரண்டு பாதி. உரைகல்லில் தேய்த்து ஆசிட் வைத்து, மேலே உப்புத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். பால் மாதிரி வெளுத்தால் வெள்ளி.
எனக்குப் பிடித்தது அதற்குப் பல நூற்றாண்டு பின்னால் பாரசீகத்தை ஆண்ட சாசானியர் காலத்து வேலை (கி.பி. 224 முதல் 651 வரை). வேட்டைக் காட்சி போட்ட தட்டுகளில் ராஜா, குதிரை எல்லாம் தனித்தனித் தகடு. அடித்தட்டில் உளியால் விளிம்பு கிளப்பி, தகட்டைச் செருகி, விளிம்பை மடித்து அமுக்கிவிடுவார்கள், அப்புறம் பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடாக்கி முலாம். இன்று யாரிடமும் அந்தப் பொறுமை இல்லை, என்னிடமும்தான்.

தேங்காய்த்திட்டு:
அந்தத் தட்டுகளில் நிறைய ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் கிடைத்தவை. விலங்கு ரோமத் தோலுக்குப் பண்டமாற்றாகப் போனவை என்கிறார்கள். ஊரிலேயே இருந்திருந்தால் எப்போதோ உருக்கியிருப்பார்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
அண்ணே, தழும்பு இருக்கிறது. உப்புத் தண்ணீருக்கு வெளுக்கவில்லை, பச்சையாகவே நின்றது. ஜெர்மன் சில்வராம், பெயரில் மட்டும்தான் வெள்ளி. ஓட்டையை அடைக்கவில்லை. நேற்று மகள் அதில் ரோஸ்மில்க் ஊற்றித் தாரை பிடித்தாள், தரையெல்லாம் எறும்பு.