எல்நாட் தேர்வு எழுதியவர்களின் வழிகாட்டல் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கில் ஏ-லெவல் என்னும் பல்கலைக்கழக முன்படிப்பைப் படிக்கும் என் அக்காள் மகள், இங்கிலாந்தில் சட்டம் பயில விரும்பி, ஆக்ஸ்போர்டு, டர்ஹாம் போன்ற பல்கலைக்கழகங்கள் கேட்கும் எல்நாட் (LNAT) என்னும் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குத் தயாராகி வருகிறாள். ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரே முறைதான் இதை எழுத முடியும் என்பதாலும், ஆக்ஸ்போர்டுக்கு விண்ணப்பிப்போர் அக்டோபர் நடுவிற்குள் எழுதிவிட வேண்டும் என்பதாலும் இப்போதே உங்கள் உதவியை நாடுகிறேன்.

முதல் பகுதியில் 12 உரைப்பகுதிகளைப் படித்து, 95 நிமிடங்களில் 42 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்ட அறிவு எதுவும் தேவையில்லை. ஆனால் கட்டுரையாளர் வெளிப்படையாகச் சொல்வது எது, சொல்லாமலே அடிப்படையாகக் கொள்வது எது என்று பிரித்தறியும் இடத்தில்தான் அவள் தடுமாறுகிறாள். இரண்டு விடைகள் சரியெனத் தோன்றும்போது அங்கேயே நேரத்தைச் செலவழித்துவிடுகிறாள்.

இரண்டாம் பகுதியான 40 நிமிடக் கட்டுரைதான் எனக்குப் பெரிய கவலை. அதற்கு மதிப்பெண் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்படுகிறது. மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். கட்டுரைக்குக் கருத்துகளை அடுக்கிப் பழகியவள், ஒரு பக்கம் நின்று வாதாடத் தயங்குகிறாள். சிறைக் கைதிகளுக்கு வாக்குரிமை வேண்டுமா என்ற பயிற்சிக் கட்டுரையில், இருதரப்பையும் நன்றாகவே எழுதிவிட்டுத் தன் முடிவைச் சொல்லாமலே நிறுத்திவிட்டாள்.

அண்மையில் இத்தேர்வை எழுதியவர்களோ சட்டத்துறையில் இருப்பவர்களோ அவளுடைய சில கட்டுரைகளைப் படித்துக் குறைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்ட இயலுமா? கட்டணம் உண்டென்றால் தெரிவியுங்கள், தருகிறோம். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ நேரில் வரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.