பதினாறு வயதில் ஐரோப்பாவா, உள்ளூர் அகாடமியா?

மன்னார்குடி ரசிகன்:
டீக்கடையில் நேற்று ஒரே சண்டை. அமெரிக்கக் கால்பந்து வீரர் புலிசிக் 16 வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனதால்தான் தேறினார் என்கிறான் தம்பி, கிளாஸ் ஆறியும் விடவில்லை. அமெரிக்கப் பையன்கள் எல்லாரும் அப்படிக் கிளம்பிவிட வேண்டியதுதானா?

கும்பகோணத்தான்:
எல்லாராலும் முடியாதுங்க. 18 வயதுக்குள் நாடு மாற ஃபிஃபா விதி பொதுவாக விடாது. புலிசிக்குக்குத் தாத்தா வழியில் ஐரோப்பிய ஒன்றிய நாடான குரோஷியாவின் பாஸ்போர்ட் இருந்தது, அதனால் வேலை முடிந்தது.

திருவாரூர் கோல்கீப்பர்:
இன்னொரு அமெரிக்க வீரர் டோனவனை மறந்துவிட்டீர்களே! ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்பில் முதல் அணியில் இடம் கிடைக்காமல் 2001-ல் அமெரிக்காவின் சான் ஹோசே அணிக்குத் திரும்பினார், அந்த வருஷமே அமெரிக்க லீக்கான எம்எல்எஸ்ஸின் கோப்பை. 2010 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவைக் கடைசி நேரத்தில் சாய்த்ததும் அதே ஆள்தான்.

பாபநாசம் பாய்:
எனக்கு அமெரிக்க வீரர் டைலர் ஆடம்ஸ் வழிதான் சரி. நியூயார்க் ரெட் புல்ஸ் சீனியர் அணியில் ஆடிவிட்டு, 2019-ல் ஜெர்மனியின் லைப்சிக் கிளப். நாற்றங்காலில் தேறட்டும், அப்புறம் நடலாம். ஆனால் அந்த ரெண்டு கிளப்புக்கும் முதலாளி ரெட் புல் நிறுவனம்தான், அதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.