மறு: ஹார்டு லிங்க், சிம்பாலிக் லிங்க் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். லினக்ஸில் ஒரு கோப்பை வேறு பெயராலோ வேறு இடத்திலிருந்தோ எட்ட உதவும் ஹார்டு லிங்க், சிம்பாலிக் லிங்க் இரண்டுக்கும் தமிழ்ப் பெயர் தேடும் இழைக்கு என் பதில் இது.

> வன் இணைப்பு, மென் இணைப்பு என்றே வைக்கலாமே. வன்பொருள், மென்பொருள் எல்லாருக்கும் பழகியவைதானே.

பழகியிருப்பதுதான் சிக்கல். வன் என்றதும் படிப்பவருக்கு வன்பொருளும் வன்தட்டும் நினைவுக்கு வரும். இங்கே வன்பொருளுக்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு, இணைப்பு என்ற சொல்லை மின்னஞ்சலோடு போகும் கோப்புக்கும் வலைப்பக்க லிங்க்குக்கும் இணையத் தொடர்புக்கும் ஏற்கெனவே புழங்குகிறோம்.

அது செய்வதைப் பார்த்துப் பெயர் வைப்போம். லிங்க் உருவாக்கும் எல்என் (ln) கட்டளையை வெறுமனே கொடுத்தால், இருக்கிற ஐநோடுக்கே (ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரங்களை வட்டில் வைத்திருக்கும் பதிவு) இன்னொரு பெயர் பதிவாகிறது. முதல் பெயர் அசல், அடுத்தது நகல் என்ற பேதம் கிடையாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் -எல்ஐ (ls -li) போட்டால் இரண்டுக்கும் ஒரே ஐநோடு எண், பெயர்க் கணக்கு 2. கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை செய்வதும் ஒரு பெயரை எடுப்பதுதான். கடைசிப் பெயரும் போய், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களும் மூடிய பிறகே வட்டில் இடம் காலியாகும். ஆகவே ஹார்டு லிங்க்குக்கு என் முன்மொழிவு: உடன்பெயர். மாற்றுப்பெயர் என்றால் கட்டளை அடிக்கும் ஷெல்லில், கட்டளைகளுக்கு வைக்கும் குறும்பெயரான அலியாஸோடு குழம்பும். மறுபெயர் என்றால் பெயர் மாற்றும் வேலையோடு.

> சிம்பாலிக் என்பதற்குக் குறியீட்டு என்பதுதானே நேர்?

நேர்தான், ஆனால் விளங்காது. எல்என் கட்டளையோடு -எஸ் (-s) சேர்த்து உருவாக்குவது தனிக் கோப்பு. அதற்குள் இருப்பது ஒரு பாதை, அதாவது இலக்கின் முகவரி, மட்டுமே. அந்தப் பாதையில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று எல்என் பார்ப்பதுகூட இல்லை. அதனால்தான் இது வேறு கோப்பு முறைமைக்கும் (வேறு வட்டுப் பகுதி போன்றவை) தாவும், கோப்புறையையும் காட்டும். உடன்பெயரால் கோப்பு முறைமையைத் தாண்ட முடியாது; கோப்புறைக்கு உடன்பெயர் வைக்கவும் பொதுவாக அனுமதி இல்லை. சிம்பாலிக் லிங்க்கை வழிச்சுட்டு என்கிறேன். வெறும் சுட்டி வேண்டாம், அதை மவுஸ் எடுத்துக்கொண்டுவிட்டது.

சரி, புழக்கத்தில் நிற்குமா? இலக்குக் கோப்பு அழிந்தால் அறுந்த வழிச்சுட்டு. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடத்தையும், அதாவது முழு முகவரி இல்லாத சார்புப் பாதையையும், எழுதிப் பார்த்தேன்: "சார்புப் பாதை, வழிச்சுட்டு இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்காகும், கட்டளை அடித்த இடத்திலிருந்து அல்ல." வழிச்சுட்டுகள் ஒன்று இன்னொன்றைக் காட்டிச் சுற்றிச் சுற்றி வந்தால் லினக்ஸ் 40 தாவலோடு நிறுத்திவிடும். அந்தப் பிழைச்செய்தி: "வழிச்சுட்டு அடுக்குகள் அளவு மீறின."

ஒரு பெயரை எடுக்கும் அன்லிங்க்குக்குப் பெயர்நீக்கு போதும். ஐநோடை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. முடிச்சு, கணு என்று யாராவது கிளம்பினால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.