கரையில் ஃபைபர் படகு ஒட்டு வேலை: பக்கத்தில் வலைக்கூடமும் கருவாடும், தூசியை என்ன செய்வது?

கடற்கரைக்காரன்:
9 மீட்டர் ஃபைபர் படகு. அணியத்துக்கு (முன்பகுதிக்கு) கீழே ஒரு சாண் நீள விரிசல், தகடு 6 மி.மீ. கிழக்குக் கரை. மேற்கே பத்து மீட்டரில் வலை பின்னும் கூடம், வடக்கே கருவாடு காயும் தளம், இருபுறமும் தினமும் தொழிலுக்குப் போகும் படகுகள். வேறு இடத்துக்கு இழுக்க வழியில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் முடிக்கணும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசியே வராது என்கிறார்கள், சரியா?

ஃபைபர் மேஸ்திரி:
தண்ணீரையும் கரன்ட் கிரைண்டரையும் சேர்க்காதீங்க, ஷாக் அடிக்கும். ஈர மணலில் ஒயர் இழுப்பதாக இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். தவிர, ஈரத்தின் மேல் பாலியஸ்டர் ரெசின் (ஃபைபர் ஒட்டும் பிசின்) ஒழுங்காக ஒட்டாது. தண்ணீர் ஊற்றுவது கடைசியில் ஜெல்கோட்டை (வெளிப்புற வழவழப்புப் பூச்சை) கையால் தேய்க்கும்போதுதான், 220-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில்.

விரிசலைச் சரிவாகக் கடைய கிரைண்டர் வேணும். 6 மி.மீ. தகடுக்கு ஒவ்வொரு பக்கமும் 7 செ.மீ. சரிவு, அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. தூசி எல்லாம் இங்கேதான் வரும். தார்ப்பாயை மூன்று பக்கம் மறைப்பாகவும் கீழே விரிப்பாகவும் கட்டுங்க, வேக்குவம் குழாயை வட்டுப் பக்கத்திலேயே ஒருவர் பிடிக்கட்டும். கண்ணாடி நார்த்தூசி வலையில் படிந்தால் இழுக்கிறவர் கையெல்லாம் அரிக்கும், சும்மா உதறினால் போகாது.

நேரம் முக்கியம். விடிகாலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், தூசி கூடத்துப் பக்கம் வராது. பத்து, பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று திரும்பிவிடும், அதற்குள் கடைசலை முடிங்க. ஒரு துணி நாடாவைக் கம்பில் கட்டிப் பாருங்க. தெற்கே இருந்து சோழகம் வீசினால் கருவாட்டை எடுக்கும்வரை கிரைண்டரைத் தொடாதீங்க.

கடற்கரைக்காரன்:
நன்றி அண்ணே. ரெசின் எவ்வளவு கலக்கணும்? வாடைதான் எனக்குப் பெரிய கவலை.

ஃபைபர் மேஸ்திரி:
சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஆறு அடுக்கு. 30 × 40 செ.மீ. ஒட்டு என்றால் மேட் சுமார் 320 கிராம், ரெசின் அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு. ஒரே தடவை கலக்காமல் 200 கிராமாகப் பிரிங்க, தேவைக்கு மேல் ரெசின் திறந்து கிடக்காது, வாடையும் குறையும். கோடை வெயிலில் 200 கிராமுக்கு 2 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போதும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும்.

வாடை என்பது ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். கவிழ்த்த படகுக்கு அடியில் யாரும் படுக்காமல் பார்த்துக்குங்க, நிழல் என்று தூங்க வருவார்கள்.

நங்கூரம்:
மேஸ்திரி விட்டது ஒன்று: மீந்த ரெசின். டப்பாவில் மொத்தமாகத் தேங்க விட்டால் தானே சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கலாம். பக்கத்துப் படகில் பெட்ரோல் கேன் இருக்கும் இடத்தில் இது விளையாட்டு இல்லை. அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றி மணல்மேல் தள்ளி வைங்க. கேட்டலிஸ்ட் துடைத்த துணியைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே குப்பை. அசிட்டோன் (ரெசினைத் துடைக்கும், எளிதில் தீப்பிடிக்கும் திரவம்) திறந்திருக்கும்போது பீடி கூடாது.

முந்தைய நாள் மாலையே கூடத்தில் சொல்லிவிடுங்க, 'நாளைக் காலை ஆறிலிருந்து பத்து வரை' என்று நேரத்தோடு. அவர்கள் வலையை மூடி வைத்துக்கொள்வார்கள். மதியம் சத்தம் வேண்டாம், இரவில் கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்கும் நேரம். பெயின்டை ஸ்பிரே அடிக்காதீங்க, ரோலர் போதும், பக்கத்துப் படகில் புள்ளி விழாது.

வேலை முடிந்ததும் தார்ப்பாயை உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து, ஓரத்து மணலில் மேல் ஒரு அங்குலத்தை வாரிச் சாக்கில் கட்டுங்க. அங்கே வெறுங்காலோடு நடக்கிறார்கள்.