ரேடார் காட்டும் தார்த் தடிமன் கோரில் கிடைப்பதைவிட ஏன் கூடுகிறது?

கேள்வி:
வணக்கம். நான்குவழிச் சாலை ஒன்றின் மேலடுக்கு வடிவமைப்புக்காக, தரை ஊடுருவும் ரேடாரைக் கொண்டு தார் அடுக்குகளின் மொத்தத் தடிமனை அளக்கிறோம். மின்காப்பு மாறிலியை (பொருளுக்குள் ரேடார் அலை எவ்வளவு மெதுவாகச் செல்லும் என்பதைக் காட்டும் எண்) மென்பொருளில் முன்பே இருந்த 5 என்ற மதிப்பிலேயே விட்டுவிட்டோம். ரேடார் 120, 161, 205 மி.மீ. என்று காட்டிய மூன்று இடங்களில் கோர் (சாலையைத் துளைத்து எடுக்கும் உருளை வடிவ மாதிரி) எடுத்தபோது முறையே 110, 147, 187 மி.மீ. மட்டுமே கிடைத்தது. கருவியில் பழுது இருக்குமா?

மறுமொழி 1:
பழுதாகத் தெரியவில்லை. ரேடார் தடிமனை அளப்பதில்லை. அலை அடுக்கின் அடிவரை சென்று திரும்பும் நேரத்தையே அளக்கிறது. அந்த நேரத்தின் பாதியை அலையின் வேகத்தால் பெருக்கினால்தான் தடிமன் வரும். வேகமோ, நானோ நொடிக்கு 30 செ.மீ. என்ற ஒளிவேகத்தை மின்காப்பு மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைப்பது.

உங்கள் எண்களையே பாருங்கள். வேறுபாடு 10, 14, 18 மி.மீ. எனத் தடிமனோடு சேர்ந்து வளர்கிறது. விகிதம் மட்டும் மூன்றிலும் ஏறத்தாழ 0.91. மேற்பரப்பு எதிரொலியைத் தவறான இடத்தில் குறித்திருந்தால் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்திருக்கும். ஆகவே தவறு வேகத்தில்தான் உள்ளது. மாறிலியை 6 என மாற்றிக் கணக்கிட்டால் மூன்று கோர்களும் பொருந்திவிடும்.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கம் சரியே. ஆனால் 6 என்ற மதிப்பைச் சாலை முழுவதற்கும் பயன்படுத்திவிடாதீர்கள். நீரின் மாறிலி ஏறத்தாழ 80 என்பதால், ஈரம் தங்கிய பகுதியில் அலையின் வேகம் குறைந்து தடிமன் கூடியதுபோலத் தோன்றும். கலவையும் வயதும் மாறும் ஒவ்வொரு பகுதியிலும் தனியாகக் கோர் எடுங்கள். அதையும் ஆன்டெனா சென்ற அதே கோட்டின் மேல் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கூம்பு ஆன்டெனாவுக்கு உலோகத்தகடு வைத்து அளவுதிருத்தம் செய்தால் கோர் எடுப்பதைத் தவிர்க்கலாமா?

மறுமொழி 1:
குறைக்கலாம், தவிர்க்க முடியாது. தகட்டின் எதிரொலி வீச்சையும் சாலைப்பரப்பின் வீச்சையும் ஒப்பிட்டுக் கிடைப்பது மேற்பரப்பின் மாறிலி மட்டுமே. அதற்குக் கீழுள்ள டி.பி.எம். (அடர்த்தியான தார்-ஜல்லிக் கலவை) அடுக்கில் ஈரம் புகுந்திருந்தால் அது தெரியாது. இந்தத் தடிமனை எஃப்.டபிள்யூ.டி. (சாலையில் எடையை விழச்செய்து அது எவ்வளவு தாழ்கிறது என அளக்கும் கருவி) தரவோடு சேர்த்து அடுக்குகளின் மீள்தன்மைக் கெழுவைக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை: வளைவு விறைப்பு தடிமனின் முப்படியைப் (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது என்பதால், பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான இந்தப் பிழையே கெழுவைத் தோராயமாகக் கால் பங்கு குறைத்துக் காட்டி, தேவையற்ற மேலடுக்கைப் போட வைத்துவிடும்.