எங்கள் மணியின் வலிப்புக்கு வழி சொல்லுங்கள்
கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாய் மணிக்கு 4 வயது, ஓராண்டாக வலிப்பு. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தைத் தவறாமல் கொடுக்கிறோம். இருந்தும் நேற்றிரவு மட்டும் 3 முறை வந்துவிட்டது. கால்கள் விறைத்து, நுரை தள்ளி, தெளிந்ததும் எங்களையே அடையாளம் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தான். பார்க்க மனம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி இரும்புச் சாவியோடு ஓடிவருகிறார். அன்பால்தான். ஆனால் அந்நேரம் வாயருகே கை போனால் கடிபட்டுவிடும்.

5 நிமிடம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்கிறார் மருத்துவர். இப்போதைய மருந்தோடு பொட்டாசியம் புரோமைடு என்ற மருந்தையும் சேர்க்கலாமாம். சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? அதனால் நாய்க்குப் பின்னங்கால் தளர்ந்ததா? மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதாக இருக்கிறோம். பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கம் இரவில் பார்க்கும் கால்நடை மருத்துவர் இருந்தால் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள்.